எடுத்தாச்சு

எங்கண்ணனுக்குச் செல்லக்கண்ணுன்னு பேரு வச்சாரே எங்கப்பா, அங்கதான் எல்லாம் கெட்டுச்சு. அப்படி ஒரு பேர வச்சு, அந்தப் பேருக்கு ஏத்த மாதிரியே கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தா அது வேற எப்படி உருப்படும்? முசிறியில எங்க தெருவுல சாணியத் தாண்டித் தாண்டி நடக்கற ஒரே ஆம்பளை அவன்தான். வாழைக்குத் தண்ணி கட்டிட்டு வாடான்னா சேறு ஒட்டும்பான். சேறு ஒட்டாம தண்ணி கட்டறதுக்கு இவன் என்ன ஜில்லா கலெக்டரா? அவன் பங்குக்கும் சேத்து நான்தான் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போவேன். எங்கப்பா அதையும் பாத்துட்டு, "அவன் படிக்கிற புள்ள ஆத்தா"ம்பாரு.

படிச்சான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி திருச்சி பாலக்கரையில ஒரு லாரி ஆபீஸ்ல கிளார்க்கா உக்காந்தான். ஸ்ரீரங்கத்துல ஒரு சந்துல வீடு பாத்து, பொண்டாட்டி வேலம்மாளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அவ நல்லவ. அவளச் சொல்லக் கூடாது. முசிறிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவுல பஸ் ஓடுது, காலையில ஏறினா வெயில் ஏறறதுக்குள்ள வந்துடலாம். ஆனா தொரை வரமாட்டாரு. பொங்கலுக்கு ஒரு தடவை, காளியாயி கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை வந்து, நாற்காலி இருக்கான்னு பாத்துட்டு உக்காருவாரு.

எங்கம்மா நாங்க சின்னதா இருக்கறப்பவே போயிட்டாங்க. என்னை அடுத்த தெருவுலயே கட்டிக் குடுத்ததால அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சறதும், கை கால் புடிச்சு விடறதும், மூச்சிரைப்பு வந்தா நெஞ்சத் தடவி விடறதும் நான்தான். எங்கப்பா அம்மாசின்னா முசிறியில தெரியாதவங்க இல்ல. மூச்சிரைப்பு மட்டும் இல்லேன்னா அந்த மனுசன் இன்னும் இருபது வருஷம் ஏர் ஓட்டியிருப்பாரு. அவருக்கு இந்த உலகத்துல மிச்சம் இருந்த ஆசை ஒண்ணே ஒண்ணு. மகன் கையால கொள்ளி. மூச்சு வாங்கறப்பல்லாம், "கண்ணு வந்துடுவான்ல?"னு கேப்பாரு. பக்கத்துல உக்காந்து நெஞ்சத் தடவறது நான். கேக்கறது அவன!

மீசையப் பத்தி இங்க சொல்லிடணும். இல்லேன்னா இந்தக் கதை விளங்காது. எங்க பக்கத்துல அப்பன் உசிரோட இருக்கற வரைக்கும் மகன் மீசைய மழிக்க மாட்டான். கத்திரி வச்சு ஒழுங்கு பண்ணிக்கலாம், முறுக்கிக்கலாம், அது அவன் இஷ்டம். அப்பன் செத்தன்னிக்கு, பொணத்த எடுக்கறதுக்கு முன்னால நாவிதர் வந்து மகனை மணையில உக்கார வச்சு மீசைய எடுப்பாரு. அதுக்கப்புறந்தான் கொள்ளிச்சட்டி கைக்கு வரும். ஊருல ஒருத்தன் திடீர்னு மழுமழுன்னு மேலுதட்டோட வந்தா, யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க. போய்க் கையத் தொட்டுத் துக்கத்தப் பகிர்ந்துக்குவாங்க. அவ்வளவுதான் வழக்கம். சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம்னு நெனைக்கறேன். அண்ணன் எப்பவும் சவரம் பண்ணிக்கறது மொட்டைக் கோபுரத்துக்கு வெளியில இருந்த ஒரு சலூன்ல. ஒரு நாள் போயிருக்கான். இவனுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தவரு இவங்க ஆபீஸ்ல மூட்டை தூக்கற அந்தோணி. சலூன்காரரு அந்தோணியக் கூப்பிட்டு நாற்காலியில உக்கார வச்சிட்டாரு. முதல்ல வந்தவருக்கு முதல்ல. இதுல என்ன தப்பு? இவனுக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிருக்கு. "நான் கிளார்க்கு, அவன் லோடுமேன்"னு சொல்லியிருக்கான். சலூன்காரரும் லேசுப்பட்ட ஆளு இல்ல. "இங்க தாடிக்குத்தாங்க சவரம், உத்தியோகத்துக்கு இல்ல"ன்னுட்டாரு. கடையில இருந்தவங்கல்லாம் சிரிச்சிருக்காங்க. தொரை எந்திரிச்சு வந்துட்டாரு. இனிமே எவன் கையும் என் மூஞ்சியில படக் கூடாதுன்னு வீட்டுல வந்து சபதம். தூ! சபதம் எடுக்கறதுக்கு வேற விஷயமே கெடைக்கல.

அந்தச் சமயத்துல பொன்மலை ரயில்வே காலனியில ஒரு சட்டைக்காரக் குடும்பம், ஆங்கிலோ இந்தியருங்க, வீட்டக் காலி பண்ணிட்டுச் சீமைக்குக் கப்பலேறப் போனாங்க. கட்டில், பீரோ, பீங்கான் தட்டு எல்லாத்தையும் வாசல்ல போட்டு வித்தாங்க. இவன் போய் ஒரு சவரக்கத்தி வாங்கிட்டு வந்தான். மடக்கற கத்தி. ஜெர்மனி இரும்பாம், யானைத் தந்தத்துல பிடியாம். நான் பாத்தேன். மாட்டு எலும்பு. வேலம்மா பாவம், "பிளேடு மாட்டி வழிக்கிற மிஷின் விக்குதாமேங்க, பக்கத்து வீட்டு அய்யங்காரு பையன்கூட அதாலதான் வழிக்கிறாரு, அத வாங்கியிருக்கலாமே"ன்னு கேட்டிருக்கா. "அது வெங்காயம் நறுக்கறதுக்கு. ஆம்பளைன்னா கையில கத்தி இருக்கணும்"னானாம். அரிவாள் புடிக்கச் சொன்னப்ப இந்த ஆம்பளை எங்க போயிருந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா?

ஆடிப்பெருக்குக்கு நான் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அம்மா மண்டபத்துல கூட்டம் நெரிஞ்சுது. காவேரி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. காதோலை கருகமணி விட்டு, தேங்காய் ஒடச்சு, புளிச்சோறு தின்னுட்டு அண்ணன் வீட்டுலயே தங்கினேன். அப்பத்தான் அந்தக் கூத்த என் கண்ணால பாத்தேன்.

விடிஞ்சதும் கெணத்தடியில கண்ணாடிய மாட்டினான். சன்னல் கம்பியில ஒரு தோல் பெல்ட்டக் கட்டி வச்சிருந்தான். கத்தியத் தோல்ல தீட்டறதுன்னா முதுகு முன்னால போகணும், கூர் பின்னால வரணும். அடிக்கடி சலூன் வாசல்ல நின்ன எவனுக்கும் தெரியும். இவன் கூர முன்னால வச்சுத் தள்றான். சர்ருன்னு பெல்ட்டு ரெண்டாப் பொளந்து தொங்குச்சு. அது வேலம்மாளோட தம்பி பெல்ட்டாம். கூர் இருக்கான்னு பாக்கறேன்னு கட்டை விரல வச்சுப் பாத்தான். இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. வேலம்மா துணி கிழிச்சுக் கட்டு போட்டா.

கட்டு போட்ட விரலோட அடுத்த வேலை. மூஞ்சிய நனைக்கல, வெந்நி வைக்கல. ஒரு சோப்பக் காஞ்ச கன்னத்துல தேச்சுக்கிட்டான். கத்தியச் செங்குத்தாப் புடிச்சான், அரிவாள்மனையில பூசணிக்காய் நறுக்கற மாதிரி. கன்னத்த ஒரு கையால இழுத்துப் புடிக்கணும்னு தெரியல, தொளதொளன்னு விட்டுட்டு மேலருந்து ஒரு இழுப்பு. ஐயோன்னு ஒரு சத்தம். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பாத்து, "என்னடிம்மா ஆச்சு, பெருமாளே!"ன்னு பதறிட்டாங்க. "ஒண்ணுமில்லீங்க மாமி, எங்கண்ணன் நாகரிகமா ஆகறாரு"ன்னேன்.

வேற ஒருத்தனா இருந்தா அன்னிக்கே கத்திய மடக்கிக் காவேரியில வீசியிருப்பான். இவன் படிகாரக் கட்டிய மூஞ்சி பூராத் தேச்சு, ரத்தம் நிக்காத எடத்துல பேப்பரக் கிழிச்சு ஒட்டிக்கிட்டு ஆபீஸுக்குக் கெளம்பினான். சட்டைய மட்டும் மடிப்புக் கலையாமப் போட்டுக்கிட்டான். மூஞ்சியில தினத்தாள், ஒடம்புல இஸ்திரி. "சாயங்காலம் வரப்ப மிச்சச் செய்தியையும் படிச்சுக்கலாம் அண்ணி"ன்னேன். வேலம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. அவன் திரும்பிப் பாத்து மொறச்சான். மொறச்சதுல ஒரு பேப்பர் கழண்டு விழுந்துச்சு.

அப்புறம் எப்படிக் கத்துக்கிட்டான் தெரியுமா? அது இன்னும் கேவலம். அந்தச் சலூனுக்கு எதிர்த்தாப்புல ஒரு டீக்கடை. தினம் அங்க போய் டீக் கிளாஸக் கையில வச்சுக்கிட்டு, எந்த ஆள் கை என் மேல படக் கூடாதுன்னானோ அதே ஆளோட கையவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். அவரு வெந்நித் துண்ட மூஞ்சியில போட்டு ஊற வைக்கிறாரா, இவனும் வீட்டுல வந்து போட்டுக்கறது. அவரு தோல இழுத்துப் புடிச்சுக் கத்தியப் படுக்க வச்சு முடி போற போக்குலயே வழிக்கிறாரா, இவனும் அப்படியே. காசு குடுத்து நாற்காலியில உக்கார மானம் எடங்குடுக்கல, தெருவுல நின்னு திருடறதுக்கு எடங்குடுத்துச்சு. சலூன்காரரு ஒரு நாள் கத்திய ஆட்டி, "நல்லாத் தெரியுதுங்களா? கொஞ்சம் திருப்பிக் காட்டட்டுங்களா?"ன்னு கேட்டாராம். வேலம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் ஊருக்குத் திரும்பிட்டேன். கொஞ்ச நாள்ல அவனுக்குக் கன்னமும் தாடையும் படிஞ்சிடுச்சு. அதோட விட்டானா? கை வந்துடுச்சுன்னதும் தலைக்கனமும் வந்துடுச்சு. மீசைய மெல்லிசாப் பென்சில் கோடு மாதிரி வச்சுக்கணும்னு ஆசை. கத்திரி எடுத்து வெட்டியிருக்கலாம். கத்திரி எல்லாரும் எடுக்கறது, நம்ம தொரைக்குக் கத்திதான். ஆடி முடியறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணாடி முன்னால நின்னு எடது பக்கம் கொஞ்சம் ஓரம் கட்டினான். அது வலது பக்கத்தவிட மேல ஏறிடுச்சு. சமன் பண்றேன்னு வலது பக்கம் ஒரு இழுப்பு. அது இன்னும் மேல போயிடுச்சு. மறுபடி எடது. கண்ணாடியில எடது வலது மாறித் தெரியும், கையும் அதுக்கேத்த மாதிரி தப்பாப் போவும். இப்படி இங்கயும் அங்கயும் இழுத்து இழுத்து கடைசியில மூக்குக்குக் கீழ ஒரு கட்டெறும்பு ஒக்காந்த மாதிரி மிச்சம். அதோட தெருவுல போக முடியுமா? அதையும் வழிச்சு எறிஞ்சுட்டான்.

வேலம்மா பாத்துட்டுக் கையில இருந்த செம்பக் கீழ போட்டுட்டா. "என்னங்க இது! மாமா உசிரோட இருக்காருங்க!"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாளாம். "முடிதானேடி, வளரும். கத்தாதே"ன்னு சொல்லிட்டுத் தொரை கடைத்தெருவுக்குக் கெளம்பினாரு.

அங்கதான் வந்துச்சு வினை. எங்க பங்காளி மருதை, தொட்டியத்துக்காரன், திருச்சியில வாழைத்தார் எறக்கிட்டுப் பெருமாளச் சேவிச்சுட்டுப் போலாம்னு ஸ்ரீரங்கம் வந்தவன், மொட்டைக் கோபுரத்துக்கிட்ட இவன எதிர்ல பாத்திருக்கான். மேலுதடு மழுமழுன்னு இருக்கு. படிகாரம் எரிஞ்சு கண்ணுல தண்ணி நிக்குது. கைக்குட்டைய வாயில பொத்திக்கிட்டு வரான். மருதைக்குப் பகீர்னு ஆயிருக்கு. எங்கப்பாவ மூச்சிரைப்புக்குத் திருச்சிப் பெரியாஸ்பத்திரியில காட்டணும்னு நாங்க பேசிக்கிட்டிருந்தது அவனுக்குத் தெரியும். காட்டின எடத்துல முடிஞ்சு போச்சுபோலன்னு அவனே நெனச்சுக்கிட்டான். வழக்கப்படி ஒரு வார்த்தை பேசாம கிட்டப் போய் ரெண்டு கையையும் நீட்டியிருக்கான்.

எங்கண்ணனுக்கு வழக்கமெல்லாம் மறந்து எவ்வளவோ நாளாச்சு. ஆபீஸ் பழக்கத்துல ஒரு கையப் புடிச்சு ஆட்டி, "தேங்ஸ்"னானாம்.

அப்புறம் ரெண்டு பேரும் பேசின பேச்ச நான் ரெண்டு பேர் வாயாலயும் கேட்டிருக்கேன். ஒரு எழுத்துக் கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல.

"எப்பண்ணே?"ன்னு மருதை கேட்டிருக்கான்.

"காலையிலதான்"னான் இவன்.

"இங்கயேவா?"

"ஆமா, வீட்டுலயேதான். கெணத்தடியில."

"கூட யாரு இருந்தா?"

"யாரும் வேண்டாம்னுட்டேன். நான் ஒருத்தனே பாத்துக்கிட்டேன்."

"ரொம்பச் சிரமமா இருந்துச்சாண்ணே?"

"மொதல்ல கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. அப்புறம் அடங்கிடுச்சு."

மருதை துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டான். கடைசியா, "எடுத்தாச்சா?"ன்னு கேட்டிருக்கான்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. சுத்தமா எடுத்தாச்சு. நல்லா இருக்குல்ல?"ன்னு மூஞ்சியத் திருப்பிக் காட்டியிருக்கான் இந்த மகராசன்.

துக்கத்துல மூளை பெரண்டுடுச்சுன்னு மருதை நெனச்சுக்கிட்டான். பெருமாளையும் சேவிக்கல, ஒண்ணும் சேவிக்கல. துக்க வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுன்னு, இவன்கிட்டயும் சொல்லிக்காமத் திரும்பி நடந்து தொட்டியம் பஸ்ஸப் புடிச்சிட்டான். "என்னடா இவன், ஒரு வார்த்தை சொல்லாமப் போறான், பட்டிக்காட்டான்"னு எங்கண்ணன் வீட்டுல வந்து சொன்னானாம். யாரு பட்டிக்காட்டான்!

மறுநாள் வெயில் நேரம். எங்கப்பா வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்து கேப்பைக் கூழு குடிச்சுக்கிட்டிருக்காரு. நான் பக்கத்துல மொளகா காயப் போட்டுக்கிட்டிருக்கேன். தெருக்கோடியில ஒரே சத்தம். தொட்டியத்துச் சனம் ஒரு லாரி. பொம்பளைங்க தலைய விரிச்சுப் போட்டு, "எங்களப் பெத்த ராசாவே, எங்க வீட்டு ஆலமரமே"ன்னு மாரடிச்சுக்கிட்டு வராங்க. பின்னால ஆம்பளைங்க கோடித் துணியோட. முன்னால மருதை, கோவத்துல மூஞ்சி செவந்து. "பங்காளிக்கு ஒரு சொல் அனுப்பாம எடுத்துட்டீங்களே, இது அடுக்குமா?"ன்னு கத்திக்கிட்டே வரான்.

எங்கப்பா கையச் சட்டியில வச்சபடி எட்டிப் பாத்து, "யாரு ஆத்தா போயிட்டாங்க? பாவம், நல்ல சாவுதானா?"ன்னு என்னைக் கேட்டாரு.

மருதையோட பொண்டாட்டி வீராயி மொதல்ல பாத்தா. "ஆலமரமே"ன்னு எடுத்த வாய மூட முடியாம அப்படியே நின்னுட்டா. கூட்டம் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கிட்டு நிக்குது. ஆத்தாடி, அந்தக் கோலத்த இப்ப நெனச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிஷமே வயிறு எரியும். எங்கப்பா சிரிக்கத்தான் செஞ்சாரு. விஷயம் என்னன்னு மருதை தட்டுத் தடுமாறிச் சொல்லச் சொல்ல, இருமல் வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. "வந்தது வந்தீங்க, கோடியக் குடுங்கடா, இருக்கறப்பவே உடுத்திக்கறேன்"னாரு.

அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. "அப்ப மீசைய நெசமாவே எடுத்துட்டானா?"ன்னு கேட்டாரு.

"ஆமா பெரியப்பா. மழுமழுன்னு"ன்னான் மருதை.

கூழுச் சட்டியக் கீழ வச்சுட்டாரு. அதுக்கப்புறம் அத எடுக்கல. வந்த சனத்துக்கு நான் மோர் கரைச்சுக் குடுத்து அனுப்பினேன். எல்லாரும் போனப்புறம், "நான் அவன்கிட்ட கேட்டது ஒண்ணுதான் ஆத்தா. எனக்குன்னு அவன் மூஞ்சியில இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அவசரமா எடுத்துக்கிட்டான்"னாரு. எனக்கு நெஞ்சு வெடிச்சுடும்போல இருந்துச்சு. ஆமா, கோவத்துலதான். அழுகையும்தான்.

அடுத்த வாரம் தொரை முசிறிக்கு வந்தாரு, துண்டால வாயப் பொத்திக்கிட்டு, திருடன் மாதிரி. சமாதானம் சொல்ல வந்தாராம். எங்கப்பா கட்டில்ல செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. "செத்தவன்கிட்ட உனக்கு என்னப்பா பேச்சு? போய் மீசைய வளத்துக்கிட்டு வா. அது வளர்ற வரைக்கும் நான் சாக மாட்டேன். பயப்படாமப் போ"ன்னாரு.

எந்த மகனுக்கும் அந்தச் சொல்லு போதும். கத்திய ஒடச்சுப் போட்டுட்டு மறுநாள்லேருந்து வளக்க ஆரம்பிச்சிருப்பான். எங்கண்ணனும் ஆரம்பிச்சான். முள்ளு முள்ளா வர்றப்ப ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டு, "என்ன செல்லக்கண்ணு, போன வாரம் நீட்டா இருந்தீங்களே, ஆபீஸர் கணக்கா? இப்ப என்ன இது?"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். எங்கப்பனோட சொல்லு பஸ் ஏறிப் போயிடுச்சு. மறுநாள் காலையில கத்தி தோல்ல ஏறிடுச்சு.

இங்க எங்கப்பா என்னைக் கேப்பாரு: "இப்ப எவ்வளவு வளர்ந்திருக்கும் ஆத்தா?" புரட்டாசியில கேட்டாரு, ஐப்பசி மழையில கேட்டாரு. மூச்சு வாங்கறப்ப முன்னெல்லாம் "கண்ணு வந்துடுவான்ல?"னு கேட்டவரு, இப்ப "வளந்துடுச்சா?"ன்னு கேக்கறாரு. எனக்குத் தெரியாதுப்பா, பாத்துட்டு வந்து சொல்றேன்னு கார்த்திகையில நானே கெளம்பிப் போனேன்.

போய்ப் பாத்தா கெணத்தடியில நிக்கறான். இப்ப அவன் கையப் பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். அப்படி ஒரு சுத்தம். வெந்நித் துண்டு, நுரை, தோல்ல சப் சப்புன்னு கத்தி போயிட்டு வருது, முதுகு முன்னால, கூர் பின்னால. கன்னத்துல ஒரு கீறல் கெடையாது. மேலுதட்ட உள்ள மடிச்சு இழுத்துக்கிட்டு ஒரே வழிப்பு. கட்டிச் சோத்துக்கு மடிச்ச வாழை எலை கணக்கா பளபளன்னு இருக்கு.

"அண்ணே, அப்பா தினம் கேக்கறாரு"ன்னேன்.

"என்னத்த?"ன்னான், கத்தியத் தொடச்சுக்கிட்டே.

"என்னத்தயா! மீசைய!"

"ஏ வீரம்மா, காலம் எங்கயோ போயிட்டிருக்கு. அப்பா இப்ப என்ன, நாளைக்கே போகப் போறாரா? அவரு இரும்பு. பொங்கல் கழியட்டும், வளத்துக்கறேன்."

"நீயெல்லாம் ஒரு புள்ள"ன்னேன். வேற என்னென்னவோ சொன்னேன். பக்கத்து வீட்டு மாமி காதப் பொத்திக்கிட்டு உள்ள போனாங்க. அவன் படிகாரத்த எடுத்து மூஞ்சியில தடவிக்கிட்டு நிக்கறான், எனக்கென்னன்னு. அந்தக் கத்தியப் புடுங்கி அவனையே ஒரு சீவு சீவலாமான்னுகூட எனக்குத் தோணுச்சு. சத்தியமா. வேலம்மா பின்னாலயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, "நானும் சொல்லிப் பாத்துட்டேங்க. கத்திய ஒளிச்சும் வச்சேன். நாலு பேர் முன்னால என்னைத் திட்டிட்டாருங்க"ன்னு அழுதா.

பொங்கல் கழிஞ்சுச்சு. அவன் வரல, துணிமணி மட்டும் குடுத்தனுப்பினான். மாசியில எங்கப்பா விழுந்துட்டாரு. இது வழக்கமா வர்ற இரைப்பு இல்ல. நெஞ்சுக்கூடு மேலயும் கீழயும் போவுது, கண்ணு மேல சொருகுது, ஆனா உசிரு பிரிய மாட்டேங்குது. டாக்டரு பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாரு. அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன், தந்தி அடிச்சேன். ஆபீஸ்ல லீவு கேட்டிருக்கேன்னு பதில் வந்துச்சு. பொம்பளைங்க வாயில பால் விட்டுப் பாத்தாங்க, துளசித் தண்ணி விட்டுப் பாத்தாங்க. அந்த மனுசன் பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்துப் புடிச்சுக்கிட்டிருக்காரு. எதுக்காகன்னு எனக்கு மட்டும் தெரியும்.

பாக்கப் பொறுக்கல. பொழுது சாயற நேரம், அவரு காதுகிட்டக் குனிஞ்சேன். அவரு உதடு அசஞ்சுது. சத்தம் வரல, ஆனா என்ன கேக்கறாருன்னு எனக்குத் தெரியாதா?

"வளந்துடுச்சுப்பா"ன்னேன். "நான் பாத்துட்டுத்தான் வந்தேன். கருகருன்னு, உங்களுக்கு இருந்த மாதிரியே நல்லா முறுக்கி விட்டிருக்கான்ப்பா. நாளைக்குக் காலையில வந்துடுவான்."

கண்ண ஒரு தடவை தொறந்து என்னைப் பாத்தாரு. என் கைய அமுக்கினாரு. அப்புறம் விட்டுட்டாரு. அவ்வளவுதான், போயிட்டாரு.

பொய்தான் சொன்னேன். அதுக்காக எந்தச் சாமி என்னைக் கேக்குதோ கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்.

மறுநாள் காலையில மொதல் பஸ்ல வந்து எறங்கினான். வேலம்மா தலைய விரிச்சுக்கிட்டு ஓடி வரா. இவன் பின்னால தோல் பையத் தூக்கிக்கிட்டு வரான். வாசல்ல நின்ன அத்தனை பேரும் அவன் மூஞ்சியத்தான் பாத்தாங்க. மழுமழுன்னு. அன்னிக்கு விடியக்காலையில பஸ் ஏறறதுக்கு முன்னாடியும் சவரம் பண்ணியிருக்கான்! மருதை அவன் கையத் தொடக் கிட்டக்கூடப் போகல. தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கி நின்னான்.

பாடை தயாராயிடுச்சு. நாவிதர் சடையன் வாசல்ல மணையப் போட்டு, செம்புல தண்ணி வச்சு, கத்திய எடுத்துக்கிட்டு உக்காந்தாரு. எங்கப்பாவுக்குப் பாதி வயசுலேருந்து சவரம் பண்ணவரு அவருதான். எங்க தாத்தா செத்தன்னிக்கு எங்கப்பா மீசைய எடுத்தவரும் அவருதான். அண்ணன் வந்து எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்தான். சடையன் தண்ணியத் தொட்டு அவன் மேலுதட்டுல தடவினாரு. தடவின கை அங்கயே நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் அவன் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் கத்திய மடக்கி மடியில வச்சுக்கிட்டாரு.

வெளியில வெயில் ஏறுது. சுடுகாட்டுக்குப் போக வேண்டிய ஆம்பளைங்க அவசரப்படறாங்க. பந்தலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு பெரியவரு, "என்னப்பா சடையா, எடுத்தாச்சா?"ன்னு குரல் குடுத்தாரு.

சடையன் எந்திரிச்சு நின்னாரு. "இவருக்கு ஆடியிலயே எடுத்தாச்சுங்க"ன்னாரு. "பொணத்தத்தான் இன்னும் எடுக்கல."

எங்கண்ணன் கை தானா மேலுதட்டுக்குப் போச்சு. விரலால அங்கயும் இங்கயும் தடவிப் பாத்தான், ஏதாவது ஒரு முள்ளாவது இருக்குமான்னு தேடற மாதிரி. அவன் கைதான் இப்ப அவ்வளவு சுத்தமாச்சே, ஒண்ணும் இல்ல. அப்பத்தான் அழுதான். அழட்டும்னு நான் நின்னேன்.

கொள்ளிச்சட்டிய அவன் கையிலதான் குடுத்தாங்க. நான் வாசப்படியோட நின்னுட்டேன்.